வராத கடிதம்

முப்பத்தொன்று. எதிர்ச் சுவரில் சிவப்பு எழுத்தில் முப்பத்தொன்று எரிகிறது. என் கையில் இருக்கும் சீட்டு முப்பத்தெட்டு. நடுவில் ஆறு பேர். சீக்கிரம் போய்த் தொலையட்டுமே என்று ஒரு மனம், ஒருத்தரும் எழுந்திருக்காமல் இருந்தால் தேவலை என்று இன்னொரு மனம். எழுந்து கதவைத் தள்ளினால் வெயில், வெயிலில் என் கார், காரின் டிக்கியில் பேச்சியை எனக்குக் கட்டிக்கொடுத்தபோது அவள் அப்பா வாங்கித் தந்த பத்தமடைப் பாய், பாய்க்குள் சுருட்டி வைத்த துப்பாக்கி. தோட்டாக்கள் தனியே, ஒரு காலி ஊறுகாய் பாட்டிலில். ஆயுதத்தை உள்ளே கொண்டுவரக் கூடாது, வண்டியிலேயே பூட்டி வைத்துவிட்டுக் கவுண்ட்டரில் சொல்ல வேண்டும் என்று அந்தக் கடிதத்தில் போட்டிருந்தது. எனக்கு வந்த கடிதம் இல்லை அது. பக்கத்து வீட்டு யோகநாதன் அண்ணாச்சிக்கு வந்தது. எனக்கு வரவில்லை. வராததுதான் வினை. பசிபிக் கடலுக்கு நடுவே அமெரிக்காக்காரன் பிடித்து வைத்திருக்கும் இந்தத் தீவில், கஞ்சா கார்டையும் துப்பாக்கியையும் சேர்த்து வைத்திருந்த எல்லோருக்கும், துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி, போன மாதம் போலீஸிடமிருந்து அது வந்தது. பேக்கரிக்காரனுக்கு வந்தது, ஹோட்டலில் என்னோடு வேலை பார்க்கும் குழாய் ரிப்பேர்காரனுக்கு வந்தது, நடக்க முடியாத அவன் மாமனாருக்குக் கூட வந்தது. எனக்கு மட்டும் இல்லை. இன்று லீவு போட்டுவிட்டு, காலை ஒன்பது மணிக்கு நானே காவல் நிலையத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறேன், எனக்கும் ஒன்று கொடுங்கள் என்று கேட்க. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறேன். முப்பத்திரண்டு.

முப்பத்திரண்டு ஒரு கிழவி, பூப்போட்ட கவுன், நாயைக் காணவில்லை போலிருக்கிறது, நாயின் போட்டோவைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டுகிறாள். எனக்குக் கால் எரிய ஆரம்பித்துவிட்டது. சர்க்கரை. பாதத்தில் மிளகாயை அரைத்துப் பூசிவிட்டு விசிறியும் போட்டால் எப்படி இருக்கும், அப்படி. மாத்திரை எல்லாம் தின்று பார்த்தாயிற்று. கடைசியில் ஒரு டாக்டரம்மா, என் வயதுதான் இருக்கும், கூச்சமே இல்லாமல் கஞ்சா என்றாள். எங்கள் பக்கம் கஞ்சா என்றால் கேஸ். பேச்சியின் அண்ணன் பொட்டலத்தைக் கண்ணால் பார்த்ததில்லை, வாய்க்கால் தகராறில் யாரிடமோ நாக்கை நீட்டிவிட்டான், அவன் சைக்கிளில் இருந்து இரண்டு கிலோ எடுத்ததாகப் போலீஸ் எழுதிவிட்டது, ஆறு மாதம் உள்ளே இருந்தான். இங்கே கார்டு. போட்டோ ஒட்டி, நம்பர் போட்டு, அரசாங்க முத்திரையோடு. மருந்துக்கடை மாதிரி ஒரு கடை, அதில் எலுமிச்சை நிறத்தில் ஜெல்லி மிட்டாய், பாதி கடித்தால் போதும், ஒரு மணி நேரத்தில் கால் என்னுடையதாகிவிடும். இந்த மாநிலத்தில் அது மருந்து. மொத்த அமெரிக்காவின் சட்டத்தில் அது இன்னும் குற்றம். குற்றம் செய்கிறவன் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது. மருந்து தின்னலாம், துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், ஒரே ஆள் இரண்டையும் செய்யக் கூடாது. இதைக் கார்டு கொடுக்கும்போது ஒருவர் சொன்னாரா, துப்பாக்கியைப் பதியும்போது ஒருவர் சொன்னாரா, ஏதோ ஒரு தாளில் பொடி எழுத்தில் இருந்திருக்கும். பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள். அண்ணாச்சி படிப்பார். கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு வரியாய்ப் படிப்பார். படித்துவிட்டு, எங்கட பெயர் எத்தினை லிஸ்ட்டில இருக்கெண்டு ஆருக்குத் தெரியும் தம்பி, என்பார்.

அவரைக் கண்டது முருங்கைக்கீரையால். பதினோரு வருஷம் முன்பு, சனிக்கிழமைச் சந்தையில் ஒரு பிலிப்பினோக்காரியிடம் கடைசிக் கட்டு கீரை இருந்தது, நான் ஒரு பக்கம் பிடித்தேன், மறுபக்கம் வேறு ஒரு கை. நிமிர்ந்து பார்த்தால் நரைத்த மீசை. "நீர் தமிழோ?" என்றார். கீரையை விட்டுவிட்டேன். "தீவை விட்டு ஓடி வந்தன் ஐசே, திரும்பவும் தீவிலதான் கொண்டுவந்து விட்டிருக்கு" என்று சிரித்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அகதியாக வந்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவர் பக்கத்து நிலம் விற்பனைக்கு வந்தபோது நானும் பேச்சியும் ஹோட்டல் குடியிருப்பை விட்டு அங்கே போனோம், ஒரு ஏக்கர், வாழை போட்டோம். பேச்சி அவரை அண்ணன் என்று கூப்பிட்டாள், நான் எங்கள் ஊர் வழக்கப்படி அண்ணாச்சி. பேச்சி போய்ச் சேர்ந்து நாலு வருஷம். அவள் இருந்தவரை மறந்தும் என் பெயரைச் சொன்னதில்லை, ஏங்க, இந்தாங்க, இவுக. மகள் அப்பா என்பாள். ஹோட்டலில் பதினெட்டு வருஷமாக என் அப்பா பெயரைச் சொல்லித்தான் என்னை ஏவுகிறார்கள். சுடலை, அந்த ஏ.சி.யைப் பார். சுடலை, மூன்றாம் மாடியில் தண்ணீர் ஒழுகுகிறது. தாலுகா ஆபீஸ் தாண்டி எங்கும் போகாத சுடலைமுத்து செத்த பிறகு இந்தத் தீவில் கக்கூஸ் ரிப்பேர் பார்க்கிறார். இசக்கி என்று என்னைக் கூப்பிட இங்கே ஒரே வாய்தான் இருந்தது. தம்பி என்பார், கோபம் வந்தால் ஐசே என்பார், மனசு நிறைந்தால் இசக்கி என்பார். இருபத்து மூன்று நாளாக என் பெயரை யாரும் சொல்லவில்லை. முப்பத்து மூன்று எப்போது போனது? முப்பத்து நாலு எரிகிறது.

துப்பாக்கியை வாங்கச் சொன்னதே அவர்தான். பன்றிக்கு என்று பெயர். காட்டுப்பன்றி வந்து வாழையைச் சாய்த்துவிட்டுப் போகும், நான் வானத்தைப் பார்த்துச் சுடுவேன், அவை அடுத்த வரிசைக்கு நகர்ந்து தின்னும். அவர் அதுவும் சுட்டதில்லை. கட்டிலுக்குக் கீழே, எண்ணெய் போட்டுத் துடைத்து, துணி சுற்றி வைத்திருந்தார். துவக்கு என்பார் அதை. "உம்மட்டையும் ஒண்டு இருக்கட்டும் தம்பி. ரெண்டு வீட்டிலையும் துவக்கு இருக்கெண்டா ஆரும் யோசிப்பாங்கள்." யார் அண்ணாச்சி இங்க வரப்போறா என்று கேட்டதற்கு, எண்பத்து மூன்றில் கொழும்பில் தன் வீதிக்கு வந்தவர்களைச் சொன்னார். "கையில லிஸ்ட் வச்சிருந்தாங்கள். வோட்டர் லிஸ்ட். எது தமிழ் வீடு எண்டு தேடேல்லை, நேர வந்தாங்கள். அண்டைக்கு என்னட்ட ஒரு தடிகூட இல்லை." தொடையில் அன்று பட்ட வெட்டுத்தான் கிழவயதில் வலிக்கிறது, அதற்குத்தான் அவரும் கார்டு வாங்கினார். வாங்க மனசில்லாமல் ஒரு வருஷம் இழுத்தார், இன்னொரு லிஸ்ட்டில் பெயர் ஏறும் என்று. நான்தான் வற்புறுத்தினேன். அண்ணாச்சி, இது ஆஸ்பத்திரி விஷயம், ரகசியமா வச்சிருப்பாங்க, எம் பேரும் அதுலதான இருக்கு, என்றேன். நான்தான் காரில் கூட்டிப்போனேன். போட்டோ எடுக்கும்போது மீசையை நீவிவிட்டுக்கொண்டார். நான்தான் சொன்னேன், ரகசியம் என்று, என் வாயாலேயே.

ஜெல்லியைப் பாதி கடித்துக்கொண்டு அவர் வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு சனிக்கிழமை, கேட்காமலே சொன்னார். "பிறகு ஊருக்கு வந்திட்டம். அங்க ஆமியின்ர சுத்திவளைப்பு. எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்தில இருத்துவாங்கள். ஒவ்வொருத்தரா ஜீப்புக்கு முன்னால நடக்க வேணும். உள்ள ஒருத்தன், தலையில சாக்கு, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. அவன் தலையாட்டினா ஆளைக் கொண்டு போயிடுவாங்கள். என்ர தம்பி குகன் எனக்கு முன்னால நடந்தவன். சாக்கு ஆடினது. நான் பின்னால நடந்தன். ஆடேல்லை." யாரு அது என்று கேட்டேன். "ஊர்க்காரன்தான். தெரிஞ்சவன்தானே தலையாட்டேலும். தலையாட்டி எண்டுதான் நாங்கள் சொல்லுறது." எழுந்து உள்ளே போய், தோசைக்கல்லைக் காயவைத்து, வழக்கமாக நான் சுடும் தோசையை அன்று அவரே இரண்டு ஊற்றி எனக்குக் கொண்டுவந்து வைத்தார். குகன் என்ன ஆனான் என்று நான் கேட்கவில்லை, அவர் சொல்லவும் இல்லை. அன்றைக்குத்தான் தெரிந்தது, அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடுவது சும்மா வாய்வழக்கம் இல்லை என்று.

போன மாதம் ஐந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார், கையில் உறை. "உமக்கு வந்ததே?" என்றார். இல்லையே அண்ணாச்சி, நாளைக்கு வரும், என்றேன். நாளைக்கு வரவில்லை. மறுநாளும் வேலிக்கு வந்தார். அடுத்த நாளும். ஒரு வாரம் அவர் என் தபால்பெட்டியை என்னைவிட ஆசையாகப் பார்த்தார். எட்டாம் நாள், பதிமூன்றாம் தேதி புதன்கிழமை, கடகடவென்று சத்தம். தள்ளுவண்டியில் கிரைண்டரை வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறார், வலிக்கும் காலை இழுத்து இழுத்து. பேச்சி கோயம்புத்தூரில் இருந்து வரவழைத்த கிரைண்டர். அவள் போன பிறகு அது அவர் வீட்டில்தான் இருந்தது, வெள்ளிக்கிழமை அரைப்பது அவர் வேலை, சனிக்கிழமை தோசை சுடுவது என் வேலை. வாசலில் இறக்கி வைத்தார், குழவியைத் தனியாகத் துணியில் சுற்றி வைத்தார், கழுவித் துடைத்துத்தான் கொண்டுவந்திருந்தார். "கார்டு விஷயம் ரகசியம் எண்டு எழுதித் தந்தவை. துவக்கு விஷயம் பொலிசுக்குத்தான் தெரியும். என்னட்ட ரெண்டும் இருக்கெண்டு தெரிஞ்ச ஆள் ஒருத்தர்தான்." சத்தியமா நான் இல்ல அண்ணாச்சி, என்றேன். "அப்ப உமக்கு ஏன் வரேல்லை?" தெரியாது என்றேன், அது பொய் மாதிரியே என் காதுக்குக் கேட்டது. அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், ஆறியிருக்கும். வண்டியைத் திருப்பிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "தலையாட்டி" என்றார். அவ்வளவுதான். முப்பத்தைந்து.

முப்பத்தைந்து ஒரு வாலிபன், ஹெல்மெட்டை மடியில் வைத்திருக்கிறான், ஏதோ ஃபைன் கட்டப் போகிறான், அவனுக்கு என்ன கவலை. எனக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வியை ஒரு வாரம் படுக்கையில் போட்டுப் புரட்டினேன். ஒருநாள் மத்தியானம் எல்லாக் காகிதத்தையும் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். துப்பாக்கிப் பதிவில் குடும்பப் பெயர் இசக்கியப்பன், சொந்தப் பெயர் சுடலைமுத்து. கஞ்சா கார்டில் குடும்பப் பெயர் சுடலைமுத்து, சொந்தப் பெயர் இசக்கியப்பன். நமக்கு எங்கே இருக்கிறது குடும்பப் பெயர். ஊரில் நான் எஸ். இசக்கியப்பன், அந்த ஒற்றை எழுத்துக்குள் அப்பா சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். பாஸ்போர்ட்டில் எழுத்தை விரித்து எழுதச் சொன்னார்கள், அப்பா வெளியே வந்துவிட்டார். அப்புறம் எந்த ஃபாரத்தில் அப்பாவை முன்னால் உட்காரவைப்பது, எதில் பின்னால் உட்காரவைப்பது என்று அந்தந்த நேரத்துக்குத் தோன்றியபடி எழுதியிருக்கிறேன். பிறந்த தேதியையும் ஒன்றில் நம் ஊர்ப்படி நாளை முன்னால் போட்டிருக்கிறேன், இன்னொன்றில் இவர்கள்படி மாதத்தை. முகவரி ஒன்றில் ஹோட்டல் குடியிருப்பு, ஒன்றில் இந்த வீடு. ஆக, இரண்டு லிஸ்ட்டையும் சேர்த்துப் பார்த்த இவர்கள் கம்ப்யூட்டரில் நான் இரண்டு பேர். துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவன் கஞ்சாவைத் தொடுவதில்லை. கஞ்சா தின்னும் ஒருவனிடம் துப்பாக்கி இல்லை. இரண்டு பேருமே யோக்கியர்கள். அண்ணாச்சியின் காகிதங்களை அகதி வழக்குப் பார்த்த வக்கீல் ஒழுங்காக எழுதிக் கொடுத்திருக்கிறார், எங்கே பார்த்தாலும் அவர் ஒரே ஆள், அதனால் மாட்டிக்கொண்டார். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. காகிதங்களை அள்ளிக்கொண்டு வேலிக்கு ஓடினேன். ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டே நின்றார். "நல்ல கதை," என்று ஜன்னலைச் சாத்தினார். நானே கேட்டிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

மகள் மாரிச்செல்வி டெக்சாஸில் இருந்து நேற்று போனில் கத்தினாள். "அப்பா, அவங்களே விட்டுட்டாங்க. நீங்களா போயி ஏம்ப்பா மாட்டிக்கிடுதீங்க? கிரீன் கார்டுல கை வச்சிட்டாங்கன்னா ஊருக்கு அனுப்பிருவாங்க, தெரியுமா?" கடுதாசி வந்தவங்களுக்கு முப்பது நாள் கொடுத்திருக்காங்கம்மா, கொடுத்துட்டா கேஸ் இல்லையாம், என்றேன். "உங்களுக்குக் கடுதாசியே வரலியேப்பா." அதுதான். அதுதான் எனக்கும் பயம். கடிதம் வராதவனுக்கு முப்பது நாள் உண்டா, முதல் நாளே பிடித்து உட்காரவைத்துவிடுவார்களா? இரண்டு பெயரில் இருந்தது திட்டமிட்டுச் செய்த ஏமாற்று என்று சொன்னால் நான் என்ன சொல்ல? எங்க ஊரில் இப்படித்தான் என்றால் இவர்களுக்கு எந்த ஊர்? பேசாமல் வேறு ஊருக்கு, டெக்சாஸுக்கே வந்துவிடுங்கள் என்கிறாள். பேரனைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். இருக்கலாம்தான். யோகநாதன் இல்லாவிட்டால் இந்தத் தீவில் எனக்கு என்ன இருக்கிறது, கடல் இருக்கிறது, பன்றி இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை பொறுக்கமாட்டாமல் ஒரு டம்ளர் அரிசி ஊறப்போட்டேன், கிரைண்டரில் போட்டால் மாவு அடியில் ஒட்டிக்கொண்டது, குழவி கல்லோடு உரசி நறநறவென்று சத்தம், பல் கூசியது. ஒருவனுக்கு அரைக்க அந்தக் கிரைண்டர் ஓடாது. குறைந்தது இரண்டு பேருக்காவது போட வேண்டும். அதை நிறுத்திவிட்டு, கரண்டியால் வழித்துக் கொட்டிவிட்டு, ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தேன். தனிமை என்று ஒன்று இருப்பதை நான் அதுவரை நம்பியதில்லை, வேலையில்லாதவர்கள் சொல்வது என்று நினைத்திருந்தேன். படுத்துக்கொண்டே முடிவு செய்தேன். எனக்கும் அந்தக் கடிதம் வேண்டும். அதைக் கொண்டுபோய் அவர் முகத்துக்கு முன்னால் நீட்ட வேண்டும். இந்தாருங்கள் அண்ணாச்சி, படியுங்கள், பொடி எழுத்தையும் சேர்த்துப் படியுங்கள், என்று.

முப்பத்தேழு. முப்பத்தாறு வரவே இல்லையா, எழுந்து போய்விட்டானா, புத்திசாலி. இப்போதும் எழுந்து போகலாம். கார் சாவி கையிலேயே இருக்கிறது, பல் பல்லாக உள்ளங்கையில் பதிந்துவிட்டது. எழுந்து போனால் நான் சட்டப்படி யோக்கியமான இரண்டு பேர். முப்பத்தெட்டு. கால் நடக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரிய உடம்புக்காரி, காதில் வெள்ளைப்பூ, அலுக்காத முகம். என் கையில் இருந்த பதிவுத்தாளையும் கார்டையும் ஒன்றாகத் தள்ளினேன். வீட்டில் பத்து தரம் சொல்லிப் பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன். இரண்டும் நான்தான். இவர் என் அப்பா, இவர் இறந்துவிட்டார், ஆனால் இரண்டும் நான்தான். அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள், தட்டினாள், மறுபடி தட்டினாள். "கம்ப்யூட்டரில் நீங்கள் இரண்டு பேர்," என்றாள். ஆமாம் என்றேன். "துப்பாக்கி?" வண்டியில், பூட்டி வைத்திருக்கிறேன். "உங்களுக்குக் கடிதம் வரவில்லையே, எதற்கு வந்தீர்கள்?" கடிதம் வாங்கத்தான் வந்தேன் என்றேன். அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "இதைக் கேட்டு வாங்க வந்த முதல் ஆள் நீங்கள்தான்." கேஸ் வருமா என்று கேட்டேன். "தானாக வந்தவருக்கு இங்கே கேஸ் இல்லை. மேலே இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று நான் சொல்ல முடியாது." மேலே என்றால் எவ்வளவு மேலே என்று கேட்கவில்லை. இரண்டு ஆளையும் ஒன்றாக்க ஏதேதோ தட்டிக்கொண்டிருந்தாள். முகவரிக்கு வந்ததும் கை நின்றது.

"இந்த ரோடா?" என்றாள். "இதே ரோட்டில் இருந்து ஒரு பெரியவர் வந்தார். மீசை. கால் கொஞ்சம் இழுத்து நடந்தார்." எப்போது என்றேன். தேதியைப் பார்த்தாள். "பதினான்கு. வியாழக்கிழமை." பதிமூன்றாம் தேதி கிரைண்டர் வந்தது. தலையாட்டி என்று சொன்னது பதிமூன்று. பதினான்கு என்றால் மறுநாள். "நல்ல மனிதர். எங்கள் ஆபீசர் வழக்கமாய்க் கேட்பதைக் கேட்டார், அக்கம்பக்கத்தில் வேறு யாரிடமாவது துப்பாக்கியும் கார்டும் உண்டா என்று. பெரியவர் இல்லை என்றார். அடுத்த வீட்டில் ஒருவன் இருக்கிறான், பன்றி வந்தால் கையைத் தட்டி விரட்டுவான், அவனிடம் ஒரு தடிகூட இல்லை, அவனை விட்டுவிடுங்கள், என்றார். நாங்கள் சிரித்தோம்." அவள் இப்போதும் சிரித்தாள். எனக்குக் கண்ணாடியும் அவளும் பூவும் கலங்கிப்போனது. நான் காட்டிக்கொடுத்தவன் என்று நம்பிக்கொண்டே, அந்த வார்த்தையை என் வாசலில் வீசிய மறுநாள், கேட்டவர்களுக்கு முன்னால் நின்று இல்லை என்றிருக்கிறார். சாக்கு அவர் தலையில் இருந்தது. ஆட்டவில்லை.

அவள் சிரிப்பை நிறுத்தினாள். யோசிப்பது தெரிந்தது. "அப்படியென்றால் அவர் சொன்னது தப்பு. உங்களிடம் துப்பாக்கி இருப்பது அவருக்குத் தெரியுமா?" கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது, விரல்கள் மட்டும் பலகையின் மேல் காத்திருந்தன. நான் தலையை ஆட்டினேன். இடமும் வலமுமாக. ஆட்டிய பிறகுதான் பகீரென்றது, நம் ஊர்த் தலையாட்டல் இவர்களுக்கு ஆமாம் போலவும் தெரியும், இல்லை போலவும் தெரியும், ஹோட்டலில் இதற்காக எத்தனை தடவை கேலி செய்திருக்கிறார்கள். கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தாத குறையாக நிறுத்திவிட்டு, வாயைத் திறந்து, தெளிவாக, "தெரியாது. அவருக்கு எதுவுமே தெரியாது," என்றேன். அவள் அதைத் தட்டிக்கொண்டாள்.

ஒரு போலீஸ்காரர் என்னோடு கார்வரை வந்தார். பாயைப் பிரித்தார், பாயை மடித்து மரியாதையாக என்னிடமே கொடுத்தார், ஊறுகாய் பாட்டிலையும் எடுத்துக்கொண்டார். கடிதம் இப்போது பக்கத்து இருக்கையில் கிடக்கிறது, இரண்டு பெயரையும் சேர்த்து அடித்து. இதை அவரிடம் காட்டினால் நான் தலையாட்டி இல்லை என்று தெரியும். எனக்காக அவர் சொன்ன பொய் வீணாய்ப்போனதும் தெரியும். நேரே போய் நின்று என்ன சொல்வது, எதை முதலில் சொல்வது, ஒன்றும் ஓடவில்லை. கால் எரிகிறது. இன்று வெள்ளிக்கிழமை. இப்போதே போய் அரிசி ஊறப்போட்டால் சாயங்காலம் அரைத்துவிடலாம், இந்த வெக்கைக்கு விடிவதற்குள் மாவு பொங்கிவிடும். இரண்டு பேருக்குப் போட வேண்டும். கிரைண்டர் ஓடும் சத்தம் வேலி தாண்டிக் கேட்கும்.